நான்காம் தளத்தில் நின்றவர்

கட்டுமான மேலாண்மை முதுகலை படிக்கிறேன். பயிற்சிக்காக முடிச்சூரில் எழும்பிக்கொண்டிருந்த ஓர் அடுக்குமாடிக்குப் போய்வந்தேன். மழை விட்டிருந்த ஒரு மதியம், எல்லோரும் கீழே சாப்பிட்டுக்கொண்டிருக்க, நான்காம் தளத் தூண்களைப் படம் எடுக்கத் தனியாக ஏறினேன். கரண்ட் இல்லை. உள்ளே ஒரே மங்கல்.

கோடியில் ஹெல்மெட் போட்ட ஒருவர் முதுகைக் காட்டி நின்றிருந்தார். "அண்ணா, இந்தப் பக்கம் வரலாமா?" என்றேன். பதில் இல்லை. அவர் நிற்கிறாரே, தரை இருக்கும் என்று அவரையே பார்த்தபடி நடந்தேன். நெருங்கியதும் மெல்லத் திரும்பினார். வெள்ளைத் துணி முகம். கரியால் வரைந்த மீசை. கால்கள் எதன் மேலும் படவில்லை.

உறைந்து நின்றேன். அப்போதுதான் கீழே பார்த்தேன். என் செருப்பு முனைக்கு அப்பால் லிஃப்ட் குழி, தடுப்பே இல்லாமல், அடிவரை இருட்டாகத் திறந்திருந்தது.

அது கண்ணேறு படாமலிருக்க வெளியே கட்டும் வைக்கோல் பொம்மை.

"மழையில நனைஞ்சிபோச்சும்மா. காயட்டும்னு குழிக்கு மேல சாமான் ஏத்துற கப்பிக் கயித்துல மாட்டி வுட்டோம்" என்றார், நான் கீழே இறங்கிப்போய்க் கேட்டதும், மேஸ்திரி.

"தடுப்பு எங்கண்ணா?"

"சாமான் ஏத்த கழட்டினோம்."

"பில்டிங்குக்கு வெச்ச பொம்மை, உன் திருஷ்டியக் கழிச்சிருக்கு பாரு" என்று சித்தாள் அக்கா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தடுப்பை மாட்டவைத்த பிறகுதான் வீட்டுக்குக் கிளம்பினேன்.

இப்போதெல்லாம் எந்தக் கட்டடத்திலும் முதலில் தரையைத்தான் பார்க்கிறேன். ஆள் தெரிந்தால் அவர் கால்களை. கூப்பிட்டுப் பதில் வராவிட்டால், நின்ற இடத்திலேயே நின்றுவிடுகிறேன்.