பல் டாக்டரின் புது ஆல்பம்

என் அக்கா வீட்டுக்காரர் பல் டாக்டர். மெட்டல் இசைப் பைத்தியம். அதிலும் தொண்டை கிழியக் கத்தும் ரகம்தான் பிடிக்கும். புதிதாக வரும் ஆல்பத்தையெல்லாம் சிகிச்சை அறையிலேயே அலறவிடுவார். அது இல்லாவிட்டால் கை ஓடாதாம். வெளியே காத்திருந்தவர்களோ, உள்ளே யாரையோ கொல்கிறார்கள் என்று செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார்கள்.

வரவேற்பு மேசையில் இருக்கும் அக்கா பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, ஓர் அட்டை எழுதி மாட்டினாள்: "உள்ளே கேட்பது பாட்டு."

ஓட்டம் நின்றது. போகப்போக, காத்திருப்பவர்கள் விமர்சனமே செய்ய ஆரம்பித்தார்கள்.

"போன வாரத்துது சரியில்லம்மா. தாளம் மாறி மாறி, மெஷின்ல நூல் சிக்கின மாதிரி இருந்துச்சு," என்பார் ஒரு தையல்காரர்.

நேற்று என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார் அத்தான். ஸ்பீக்கர் பழுது. கை ஓடாத எரிச்சலில், ஊசி போட்ட இடம் மரத்துப்போகும் முன்பே பல்லில் இடுக்கியை வைத்துவிட்டார். உயிர் போகிற மாதிரி கத்தினேன்.

கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தால், தையல்காரர் கண்மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"இதுதாம்மா ஆல்பம். இன்னொரு தடவை போடச் சொல்லுங்க."

அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"உனக்கு இன்னொரு சொத்தைப் பல்லு இருக்கில்ல?"