வாத்து அப்பாவுக்குக் குரல் கொடுத்தவள்

டென்மார்க்கில் தியேட்டரில் வாய்விட்டுச் சிரித்தால் உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைக்கிறார்கள். ஆர்ஹுஸ் நகரில் என் ஏழு வயது மகள் நிலாவை ஒரு படத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். தும்மினால் வாத்தாக மாறிவிடும் ஓர் அப்பாவையும், அவரைத் துரத்திக்கொண்டே ஓடும் குடும்பத்தையும் பற்றிய ஆங்கிலப் படம். குழந்தைகளுக்காக டேனிஷில் பேசவைத்திருந்தார்கள். வாத்து மாவு மூட்டைக்குள் தலைகீழாக விழுந்தபோது நான் போட்ட சத்தத்தில் பக்கத்து இருக்கைப் பெண்மணி பதறி, "தண்ணீர் வேண்டுமா?" என்று கேட்டார். எனக்கு மூச்சுத் திணறுகிறது என்று நினைத்தாராம். சுற்றிலும் எல்லோரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள், மூக்கு வழியாக.

இந்த விடுமுறைக்கு நிலாவும் நானும் மட்டும் திருவண்ணாமலைக்கு வந்தோம். என் மனைவி மெத்தே டேனிஷ்காரி. வேலை இருந்ததால் வரவில்லை. அப்பா அம்மா போனபிறகு ஊரில் எனக்கென்று இருப்பது செல்வி அக்காதான். வேங்கிக்காலில் வீடு. அவளுக்குப் பிள்ளைகள் இல்லை. நிலாவுக்கென்று புதுக்கட்டில் வாங்கிப் போட்டு, சுவருக்கு ரோஸ் கலர் பெயிண்டும் அடித்து வைத்திருந்தாள். வீட்டில் டேனிஷே பேசி வளர்ந்த நிலாவுக்குத் தமிழ் பாதி புரியும், ஒன்றிரண்டு சொல்லுக்கு மேல் பேச வராது. அக்காவை அவள் "ஃபாஸ்டர்" என்றுதான் கூப்பிட்டாள். டேனிஷில் அது அத்தை. அக்காவோ ஒவ்வொரு முறையும் ஓட்டமாக ஓடினாள். ஒருநாள் தோசைக் கரண்டியோடு வந்து நின்றாள்.

"ஏன்டா, எத்த செஞ்சாலும் ஃபாஸ்டா செய்யுனு சொல்லுதே, நான் அவ்ளோ ஸ்லோவாவா கீறேன்?"

நான் விளக்கியதும் சிரித்தாள். ஆனால் அன்று சாயங்காலம் துணி மடித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "கிட்ட போனா உங்கிட்ட ஓடிடுது. அடுத்த தபா நீ மட்டும் வாடா. பாவம், கொழந்தைக்கு எதுக்குக் கஷ்டம்."

நானும் ஒரு துண்டை எடுத்து மடிக்கத் தொடங்கினேன்.

மறுநாள் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு போஸ்டரைப் பார்த்து நிலா துள்ளினாள். வாத்து அப்பாவின் இரண்டாம் பாகம், தமிழில். மூவரும் மதியக் காட்சிக்குப் போனோம். விசில், கைதட்டல், பாப்கார்ன் மழை. வாத்து மெட்ராஸ் பாஷையில் பேசியதும் தியேட்டரே குலுங்கியது. அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். நிலா மட்டும் காதைப் பொத்திக்கொண்டு, "இது அவர் குரல் இல்லை. வெளியே போகலாம்" என்று டேனிஷில் அழத் தொடங்கினாள். அதைப் பார்த்ததும் அக்காவின் சிரிப்பு நின்றுபோனது. எழுந்திருக்கலாம் என்று புடவையைச் சரிசெய்தாள்.

அந்நேரம் ஸ்பீக்கரில் சத்தம் நின்றது. படம் மட்டும் ஓடியது. ஜனங்கள் கத்தினார்கள். திரையில் குடும்பமே வாத்தாக மாறி ஒரு கல்யாண வீட்டுக்குள் நுழைந்தது. அக்கா மெதுவாகக் குனிந்து, "இன்னா பாப்பா சொல்லுது அது?" என்று கேட்டாள்.

நிலா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வாத்து வாயைத் திறந்தபோது, தொண்டையைக் கட்டையாக்கிக்கொண்டு சொன்னாள்: "நான் வாத்து இல்ல. நான் அப்பா."

"அம்மா இன்னா சொல்றா?"

"அம்மா கோவம். கேக் மேல உக்கார... நோ, நோ!"

வாத்து கேக்கின் மேலேயே உட்கார்ந்தது. அக்கா என் தொடையில் ஓங்கி அடித்துச் சிரித்தாள். பின்வரிசையிலிருந்து ஒருவர், "பாப்பா, கொஞ்சம் சத்தமா சொல்லு, எங்களுக்கும் கேக்கட்டும்" என்றார். நிலா இருக்கையில் ஏறி நின்று, தெரிந்த தமிழையெல்லாம் கொட்டினாள். தெரியாத இடத்தில் டேனிஷ். யாருக்கும் அது தடையாக இல்லை.

சத்தம் திரும்பி வந்தபோது அக்காவுக்குத்தான் ஏமாற்றம். "அது கெடக்குது, நீயே சொல்லு கண்ணு" என்றாள். நிலா அவள் மடியில் ஏறிக்கொண்டு, படம் முடியும்வரை காதோடு சொல்லிக்கொண்டே இருந்தாள். எந்த மொழியில் என்று எனக்குக் கேட்கவில்லை.

திரும்பும்போது ஆட்டோவில் நிலா, தலை அக்கா மடியிலும் கால் என் மடியிலுமாகத் தூங்கிப்போனாள். தூக்கத்தில் "யெம்" என்று முனகினாள்.

"இன்னாடா சொல்லுது?"

"வீட்டுக்குனு சொல்லுதுக்கா."

"தோ வந்துட்டோம், தூங்கு" என்று அக்கா அவள் தலையைத் தடவினாள்.

எந்த வீட்டைச் சொன்னாளோ. கலெக்டர் ஆபீஸ் தாண்டியதும் ஆட்டோக்காரர் திரும்பி, "எந்தப் பக்கம் சார்?" என்றார். எங்கு பார்த்தாலும் புது வீடுகள், ஒரே மாதிரித் தெருக்கள். நான் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தேன். அக்காதான் வழி சொன்னாள்.