மூன்று தட்டு

கட்டட ஆபீஸ் ஓவர்சீயர் தணிகாசலம் கண்ணை நம்பமாட்டார், விரலைத்தான் நம்புவார். உப்பளம் பக்கத்துத் தெருக்களில் எந்தச் சுவர் முன்னால் நின்றாலும் நடுவிரலை மடக்கி மூன்று தட்டு தட்டுவார். செங்கல் என்றால் கணீரென்று வரும். உள்ளே மண்ணை வைத்து மேலே சிமெண்டைப் பூசியிருந்தால் சத்தம் அமுங்கிப்போகும். அவரை யாரும் ஏமாற்ற முடிந்ததில்லை. அந்தக் கர்வம் அவருக்கு ஏகத்துக்கும் உண்டு.

தட்டிப் பார்க்கவைத்தது எழுபத்து மூன்றில் வந்த ஒரு விதி. தெருவைப் பார்த்த பக்கத்தில் கீற்று, தட்டி, பலகை எதுவும் கூடாது; செங்கல்லும் சிமெண்டுமாக நிற்கவேண்டும். சுவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதைப் பற்றி விதிக்குக் கவலையில்லை. எனவே முன்னால் கோட்டைபோல் சுவர், பின்னால் பழைய கீற்றுக் கூரை என்று பாதித் தெரு நின்றது. குறை கண்டால் பிரித்துப் போடச் சொல்லி நோட்டீஸ் வரும். மூன்று தட்டு கேட்டாலே போதும், தெருவில் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொள்ளும். தணிகாசலத்துக்கு அதில் ஒரு அற்ப சந்தோஷம்கூட இருந்தது.

ஒகுஸ்த் மட்டும் ஒளியமாட்டார். மில்லில் முப்பது வருஷம் தறி ஓட்டிக் காது போனவர். மனைவி மர்த் மீன் எடுத்து விற்கத் தேங்காய்த்திட்டுக்குப் போய்விட்டால், தெருச் சுவரில் முதுகைச் சாய்த்து உள்ளே உட்கார்ந்திருப்பார். காதில் விழாத தட்டு முதுகில் விழும். உடனே அவரும் உள்ளிருந்து மூன்று தட்டுவார். தணிகாசலம் சிரித்துக்கொண்டே அடுத்த வீட்டுக்குப் போவார். ஐந்து வருஷமாக இருவரும் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

அந்தச் சுவரில் ஒரு பலகை ஜன்னல் இருந்தது, கம்பிகூட இல்லாதது. ஐந்து வருஷமாகக் கண்டுகொள்ளாமல் விட்டதை எழுபத்தெட்டு மாசியில் தணிகாசலம் பிடித்துக்கொண்டார்.

"பலகை கூடாதும்மா. இரும்பு ஜன்னல் வைங்க, இல்லன்னா செங்கல் வச்சு அடைச்சிடுங்க."

"காத்து வர்றது அது ஒண்ணுலதான் முசே," என்றாள் மர்த், பிரெஞ்சுக்காரன் காலத்து மரியாதையோடு.

"நானா சட்டம் போட்டேன்?"

இரும்பு ஜன்னலுக்கு வழியில்லை. அடைத்தார்கள். தணிகாசலம் வந்து அந்த இடத்திலேயே தட்டினார். கணீரென்றது. உள்ளிருந்து வழக்கம்போல் பதில் வந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

சித்திரையில் ஒரு நடுப்பகல். மர்த் வீட்டில் இல்லை. பின்பக்கத்து அடுப்புப் பொறி கூரைக்குத் தாவியது. பக்கவாட்டு வாசலில் போட்டிருந்த கீற்றுப் பந்தல் எரிந்து விழுந்து, இருந்த ஒரே வழியையும் அடைத்தது. ஊரே வெயிலுக்கு ஒதுங்கி உள்ளே படுத்திருந்த நேரம். புகையைப் பார்த்து ஆட்கள் ஓடி வந்தபோது ஒகுஸ்த் உயிரோடு இல்லை. எல்லாம் சாம்பலாகியும் தெருச் சுவர் மட்டும் ஒரு விரிசல் இல்லாமல் நின்றது. விதி ஜெயித்துவிட்டது என்று சொல்லலாம், சொல்கிறவனுக்கு வாய் கூசாவிட்டால்.

ஐப்பசிக்கு முன்னால் மர்த் கட்டட ஆபீசுக்கு வந்தாள். தங்கை வீட்டில் இனியும் இடமில்லை.

"அந்தச் சுவத்த ஒட்டியே கூரை போட்டுக்கறேன். சுவரு நல்லாருக்குன்னு ஒரு கையெழுத்து போடுங்க. மழையில நான் எங்க போவேன்?"

மதியம் தணிகாசலம் அவளோடு போனார். தெருவில் ஈ காக்கை இல்லை. விரலை மடக்கி மூன்று தட்டு தட்டினார். எதிர்வரிசையில் ஒரு கதவு சாத்திக்கொண்டது, அடுத்து இன்னொன்று. பிறகு சுவருக்கு உள்ளிருந்து, நிதானமாக, மூன்று தட்டு.

மர்த் அவர் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். தணிகாசலம் சந்து வழியாகப் பின்னால் ஓடினார். கரி படிந்த சுவர், தரையில் முளைத்த ஆமணக்கு, மேலே வெறும் வானம். ஆள் இல்லை. திரும்பி வந்தார்.

"உங்களுக்கும் கேட்டுதாம்மா?"

சாத்தியிருந்த கதவுகளையே பார்த்தாள் அவள்.

"தீப்பிடிச்ச அன்னைக்கும் அவரு, பொகையில கத்த முடியாம, தட்டிருக்காரு முசே. நீங்க அடைக்கச் சொன்ன ஜன்னல் கிட்டதான் கெடந்தாரு. எதுத்த வீட்டு அமிர்தவல்லி அழுதுகிட்டே சொன்னா. மூணு மூணா தட்டுற சத்தம் தெருவுக்கே கேட்டுச்சாம். ஓவர்சீயர் வந்துட்டாருன்னு எல்லாரும் கதவ சாத்திக்கிட்டாங்களாம்."

தணிகாசலம் யார் வீட்டிலோ கடப்பாரை வாங்கி வந்து, ஜன்னலை அடைத்த செங்கல்லைத் தன் கையாலேயே இடித்தார். விழுந்த செங்கல்லின் உள்பக்கம் கன்னங்கரேலென்று இருந்த கரியில், தட்டித் தட்டித் தேய்ந்த ஒரு முஷ்டி அளவுக்கு மட்டும் சிவப்பாகத் தெரிந்தது. அங்கேயே உட்கார்ந்து ஃபைலில் எழுதினார்: பலகை ஜன்னலுக்கு அனுமதி. அதற்காக ஆபீசில் அவரை ஊர்க்கோடியில் இருக்கும் சேதராப்பட்டுக்குத் தூக்கிப் போட்டார்கள். மர்த்துக்கு மழைக்குள் கூரை ஏறியது.

அதன் பிறகு அவர் எந்தச் சுவரையும் தட்டவில்லை. வாசலில் நின்று பேர் சொல்லிக் கூப்பிடுவார். எண்பத்தாறில் ரிடையராகி, நாலு பக்கமும் செங்கல் வைத்த சொந்த வீட்டில் இருந்தார். மதியச் சாப்பாடு முடிந்து படுத்தால் சில நாள் சுவரில் மூன்று தட்டு கேட்கும்.

"யாரும் இல்லைங்க, படுங்க," என்பாள் மனைவி வசந்தா.

அவர் படுக்கமாட்டார். கேட்டுவிட்டது என்று தெரிவதற்காகத் தானும் மூன்று தட்டுவார். பிறகு எழுந்துபோய் வெயிலில் கதவை அகலத் திறந்து வைப்பார். ஒரு நாளும் திறக்காமல் இருந்ததில்லை.