விமலா டீச்சரின் இடது கை

பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடையில் தோசைக்குச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தபோது பள்ளி வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. "விமலா டீச்சர் காலையில தவறிட்டாங்க. கிள்ளான் வீட்லதான் வச்சிருக்காங்க." மார்பில் வந்த புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது நமக்கெல்லாம் தெரிந்ததுதான். ஆனாலும் தோசை வருவதற்குள் எழுந்து ரயிலைப் பிடிக்கப் போனேன்.

அவரைத் தெரிந்த நீங்கள் எல்லாரும் அவருடைய துணிச்சலைப் பற்றிப் பேசுகிறீர்கள். பேசுங்கள். ஆசிரியர் அறையில் அவருக்குப் பக்கத்து நாற்காலிக்காரி நான். எனக்குச் சொல்ல வேறொன்று இருக்கிறது. சொல்ல நாக்கூசுகிறது.

இடது மார்பை எடுத்த பிறகு, தன் வயிற்றுச் சதையைக் கொண்டே புது மார்பு அமைத்துக்கொண்டார் விமலா. ஐம்பதைத் தாண்டியவருக்கு இதெல்லாம் தேவையா என்று ஆசிரியர் அறையில் சிலர் கிசுகிசுத்தார்கள். திருத்திக்கொண்டிருந்த தாளிலிருந்து தலையைத் தூக்காமலே அவர் சொன்னார்: "யாருக்குக் காட்டன்னுதானே கேக்குறீங்க? எனக்குத்தான் லா. தினம் குளிக்கிறப்ப நான்தானே பாக்குறேன்." பிறகு சிரித்தார். "தொந்தியும் போயிருச்சு. ஒரே ஆபரேஷன்ல ரெண்டு வேலை."

மார்பு கிடைத்தது, கைதான் மோசமானது. அக்குளில் இருந்த நிணநீர்க் கணுக்களையும் எடுத்துவிட்டதால், நீர் வடிய வழியில்லாமல் இடது கை வீங்கிக்கொண்டே வந்தது. அந்தக் கையில் ஊசி கூடாது, பிரஷர் பார்க்கக் கூடாது, வளையல் மோதிரம் கூடாது. "நான் பட்டினி கிடந்தாலும் இது மட்டும் நல்லா சாப்பிடுது" என்று அதைத் தூக்கி மேசைமேல் வைத்துக்கொள்வார். பிள்ளைகள் விரலால் அழுத்திப் பார்ப்பார்கள். நான் தொட்டதில்லை. ஏனோ ஒரு கூச்சம்.

ஒரு தீபாவளிக்கு ரவிக்கை தைக்கக் கொடுக்க என்னையும் பிரிக்பீல்ட்ஸுக்கு அழைத்துப் போனார். தையல்காரர் வலது கையை மட்டும் அளந்துவிட்டு டேப்பைச் சுருட்டினார். "அண்ணே, இந்தக் கைக்கும் தனியா அளவு எடுங்க. பிரெஸ்ட் கேன்சர் ஆபரேஷன் பண்ண பக்கம், வீங்கியிருக்கு" என்றார் விமலா. கடை நிறையக் கூட்டம், ஆண்களும் நின்றார்கள். நான் மெல்ல நகர்ந்து போய், வாங்கப் போகாத துணிகளைப் புரட்ட ஆரம்பித்தேன். வெளியே வந்ததும், "வியாதி எனக்கு, வெட்கம் உங்களுக்கா டீச்சர்?" என்று என் தோளில் தட்டினார். குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

கிள்ளான் வீட்டில் நான் நுழைந்தபோது அவரைக் குளிப்பாட்டி, கூறைப் புடவை கட்டிக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். சுமங்கலி என்பதால் மஞ்சள், குங்குமம், பூ, கண்ணாடி வளையல் எல்லாம் உண்டு. வளையல் தட்டை என் கையில் கொடுத்தார்கள். விமலாவின் வலது கையில் வளையல் சுலபமாக ஏறியது. இடது கையில் ஏறவில்லை. கணவரின் அக்கா விடுவதாக இல்லை. "சுமங்கலியாப் போறவ. ரெண்டு கையும் நிறைஞ்சிருக்கணும். சோப்புத் தண்ணி கொண்டாங்க" என்றார். சோப்பைத் தடவி, விரல்களைக் குவித்துப் பிடித்துத் தள்ளினார்கள்.

புற்றுநோய் என்று அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். சுற்றி நின்ற உறவுப் பெண்கள் நடுவில், அந்தக் கைக்கு வளையல் ஆகாது என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஏன் என்று கேட்பார்கள். வாசலில் ஆண்கள் நிற்கிறார்கள், தலைமையாசிரியர் நிற்கிறார். அவர்கள் காதுபட மார்பு, அக்குள் என்று எப்படிச் சொல்வது? இதைத்தான் நினைத்தேன். சீ! தட்டைப் பிடித்துக்கொண்டு மரம் மாதிரி நின்றேன். வளையல் உடைந்து அவருடைய புறங்கையைக் கீறியது.

சத்தம் கேட்டு அவருடைய கணவர் உள்ளே வந்தார். "அக்கா, விட்ருங்க. மார்புல ஆபரேஷன் பண்ண பக்கம் அது. வளையல் இறுக்குச்சுன்னா அவளுக்கு வலிக்கும்."

வலிக்கும் என்றார். யாரும் திருத்தவில்லை.

அறைக்குள் போய், வீக்கத்தை அடக்க விமலா தினமும் கையில் மாட்டிக்கொள்ளும் நீளமான எலாஸ்டிக் ஸ்லீவை எடுத்து வந்தார். காலையில் அதைப் போட்டுவிடுவது எப்போதும் அவர்தானாம். ஈரத்தைத் துடைத்துவிட்டு, "டீச்சர், முழங்கையைக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க" என்றார் என்னிடம். தட்டைக் கீழே வைத்தேன்.

இத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்தும் தொடாத கையை அப்போதுதான் தொட்டேன். சில்லென்று இருந்தது. நான் நினைத்ததைவிட அதிகக் கனம். இதையா தூக்கிக்கொண்டு தினமும் மாடிப்படி ஏறி, சிரித்துக்கொண்டே வகுப்புக்குப் போனார்? கணவர் ஸ்லீவை ஏற்றி முடிக்கும்வரை நான் பிடித்துக்கொண்டிருந்தேன். விமலாவின் துணிச்சல் உங்களிடம் இருக்கட்டும். என்னிடம் இருப்பது அந்தக் கையின் கனம்தான். அதை அவர் உயிரோடு இருந்தபோதே ஒரு நாளாவது தாங்கிப் பிடித்திருக்கலாம். வெட்கமாக இருக்கிறது, விமலா.