பத்திரகாளி அக்காவின் ஐந்தெழுத்து

எங்கள் அச்சகத்தில் பட்டாசு லேபிள் சீசன் ஓய்ந்ததும் தினசரி காலண்டர் வேலை தொடங்கும். வெளிநாட்டு ஆர்டர் ஒன்றில் ஒவ்வொரு தேதிக்கும் ஓர் அபூர்வமான ஆங்கிலச் சொல், கீழே அதன் பொருள். அந்தத் தாள்களை வரிசையாக அடுக்குபவர் நாரணாபுரத்துப் பத்திரகாளி அக்கா. எட்டாம் வகுப்பு வரை படித்தவர். மற்றவர்கள் தேதியைப் பார்த்து அடுக்குவார்கள். அவர் சொல்லைப் பார்த்து அடுக்குவார். ஒரு தாள் விடுபட்டால், "ஆப்ரிசிட்டிய காணோமே" என்பார். குளிர்காலத்து வெயிலின் இதம் என்று அதற்குப் பொருள்.

"வெயில்ல என்ன இதம்? இத எழுதுன ஆள சித்திரையில இங்கன கொண்டாந்து நிறுத்தணும்."

நான் பி.ஏ. ஆங்கிலம். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி. அதே அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். சாப்பாட்டு நேரத்தில் நாங்கள் இருவரும் செல்போனில் அன்றைய புதிரைப் போடுவோம். ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல். கண்டுபிடிக்க ஆறு வாய்ப்பு. அக்காவுக்கு மூன்று போதும். எனக்கு ஐந்து.

"ஏ ஜாஸ்பின், பேசாம நீயும் எட்டாப்போட நிறுத்தியிருக்கலாம்ல?" என்பார் சூப்பர்வைசர் கனகசபாபதி. எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரிப்பேன். சோறு இறங்காது.

அடுத்த ஆண்டுக்கான சொற்களை இங்கேயே தேர்ந்தெடுக்கச் சொல்லி ஆர்டர்காரர்கள் எழுதியிருந்தார்கள். அந்த வேலை எனக்கு வேண்டும். அதுகூடக் கிடைக்காவிட்டால் நான் எதற்குப் படித்தேன்? முதலாளி என்னைக் கூப்பிட்டு, "பத்திரகாளிக்கு நெறைய வார்த்தை தெரியுமாமே?" என்றார்.

"எழுத்துக்கூட்டி வாசிப்பாக சார். அம்புட்டுதான்."

வேலை எனக்கு வந்தது. ஒரு வாரத்தில் நாற்பது சொற்கள்தான் தேறின. ஒவ்வொன்றையும் எழுதும்போது, இது அக்காவுக்குத் தெரிந்திருக்குமோ என்றுதான் யோசித்தேன். தெரிந்திருக்காது என்று தோன்றினால் சந்தோஷம். என்ன பிறவி நான்?

நேற்று அக்காவிடம் சொல்லிவிட்டேன். அவர் டிபன் பாக்ஸை மூடினார்.

"மொதலாளிகிட்ட சொன்ன பொய்ய என்கிட்ட எதுக்குடி சொல்ற? அவுககிட்டப் போய்ச் சொல்லு."

போனேன். "அக்காவுக்கு என்னைவிட நெறைய தெரியும் சார்" என்றேன். 'என்னைவிட' என்பதை மட்டும் வேகமாகச் சொல்லிக் கடந்தேன்.

"அத அன்னைக்கே சொல்ல வேண்டியதுதானம்மா? லிஸ்ட்ட அவகிட்டக் குடு."

கொடுத்தேன். அக்கா நின்றபடியே விரலை வைத்துக்கொண்டு கீழே வரை வாசித்தார்.

"இதுல பாதி போன வருசமே வந்துருச்சு புள்ள. பேனா இருக்கா?"

இருந்தது. எடுத்துக் கொடுக்க மனசு வரவில்லை. இல்லை என்றேன். அவர் என் அச்சக மேல்சட்டைப் பையில் இருந்த பேனாவைப் பார்த்துவிட்டு, பக்கத்து மேசையில் கேட்டு வாங்கிக்கொண்டார்.