காலியாக விடாத வரி

அருந்ததிக்குப் பயம் கூடப் பிறந்தது. குமாஸ்தாவாக இருந்த அப்பா விநாசித்தம்பி அவளுக்குச் சொல்லிக்கொடுத்த ஒரே தற்காப்பு, எந்தப் படிவத்திலும் ஒரு கட்டத்தைக்கூடக் காலியாக விடாதே என்பதுதான். காலிக் கட்டத்தைப் பார்த்தால்தான் மேலதிகாரி கேள்வி கேட்பாராம். மலாயாவுக்கு வந்த யாழ்ப்பாணத்துக் குமாஸ்தா வீடுகளில் இது வேதவாக்கு.

1997இல் பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு லோரி கம்பெனிக்கு அவள் கம்ப்யூட்டர் நிரல் எழுதிக்கொடுத்தாள். லோரிகளில் ஜிபிஎஸ் கருவி இருந்தது. கறுப்புத் திரையில் லோரி எண்ணைத் தட்டினால், அது இருக்கும் இடத்தின் பெயரும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களும் நிமிடத்துக்கு ஒரு வரியாக வந்து விழும். படம், வண்ணம் ஒன்றும் கிடையாது. கருவி சேதி அனுப்பாத நிமிடத்தில் வரி காலியாக வந்தது. அவளுக்கு மனம் கேட்கவில்லை. முந்தைய இடத்தையே எடுத்து நிரப்பும்படி நிரலை மாற்றிவிட்டாள். முதலாளியும் மெச்சினார். பெரிய கெட்டிக்காரி.

நவம்பரில் ஒரு நாள் கொட்டும் மழை. மூன்று மணிக்கு ஓட்டுநர் கமாலுதீனின் மனைவி சலேஹா ஆபீசுக்குப் போன் செய்தாள்.

"சாப்பாட்டுக்கு வரேன்னு சொன்னாரு, இன்னும் ஆளக் காணோம் லா. உங்க கம்ப்யூட்டர்ல எங்க காட்டுது?"

அருந்ததி தட்டிப் பார்த்தாள். "பத்து காவான் தோட்டத்துக்கிட்டதான் நிக்கிறாரு அக்கா. மழைக்கு ஒதுங்கியிருப்பாரு. பயப்படாதீங்க, நீங்க சாப்பிடுங்க."

ஐந்து மணிக்கும் அதே வரிதான். தீர்க்கரேகையின் கடைசி எண்கூட மாறவில்லை. நிற்கிற லோரிக்கும் அந்த எண் கொஞ்சம் ஆடும். அது அவளுக்குத் தெரியும். கருவி அனுப்பிய சேதிகள் சேரும் கோப்பைத் திறந்தாள். கடைசிச் சேதி இரண்டு பத்துக்கு வந்திருந்தது. அதற்குப் பிறகு வந்ததெல்லாம் அவள் நிரல் தானாக எழுதியது. உடனே முதலாளிக்குப் போன் செய்து அந்த இடத்துக்கு ஆள் அனுப்பச் சொன்னாள்.

தோட்டத்துக் கால்வாயில் லோரி கவிழ்ந்து கிடந்தது. நசுங்கிய முன்பகுதியில் கால் மாட்டி, மார்பளவு தண்ணீரில் கிடந்த கமாலுதீனை ஏழு மணிக்குத்தான் வெளியே எடுத்தார்கள். உயிர் இருந்தது. காலை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. இரண்டு மணி நேரம் முன்னால் வந்திருந்தால் காலைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர்.

மறுநாள் அருந்ததி ஆஸ்பத்திரிக்குப் போனாள். திட்டு வாங்கத் தயாராகவே போனாள். சலேஹா திட்டவில்லை. பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

"நீ சொன்னத நம்பி, நான் வயிறு நெறையச் சாப்பிட்டுட்டேன் தங்கச்சி," என்றாள்.