பாதிச் சவரம்

துணிக்கடையை மூடிய பிறகு வீட்டில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அளந்து கிழிக்கத் துணியில்லாமல் கைகள் பரபரத்தன. சிராங்கூன் ரோட்டில் இறங்கினாலோ, பூக்கடைக்காரர் முதல் தபால்காரர் வரை எல்லாருக்கும் ஒரே கேள்விதான்: "அடுத்து என்னண்ணே?"

தெரியாது என்று சொல்ல வீறாப்பு விடவில்லை. ஒருவரிடம் ரேடியோக் கடை என்றேன். இன்னொருவரிடம் ஆட்டுப் பண்ணை என்றேன். அன்று சவரம் செய்துகொண்டிருந்தபோது முடிதிருத்துபவரும் அதையே கேட்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "தஞ்சோங் பகார் துறைமுகத்து ஆளுங்களுக்குச் சாப்பாடு போடப் போறேன், போதுமா?" என்று கத்திவிட்டு, பாதிச் சவரத்தோடு எழுந்து வந்துவிட்டேன்.

அவர் காதில் விழுந்தால் ஊருக்கே தெரிந்த மாதிரிதான். மாலையில் துறைமுகத் தொழிலாளிகள் நாலு பேர் ஆளுக்கொரு தூக்குச்சட்டியோடு வீட்டு வாசலில் நின்றார்கள்.

"அண்ணே, நாளையிலேருந்து மீன் குழம்பு வேணும் லா."

சும்மா சொன்னேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் என் மனைவி வந்து நான்கு சட்டிகளையும் வாங்கிக்கொண்டாள்.

"வெள்ளிக்கிழமை மட்டும் மீன் கிடையாது" என்று அவர்களிடம் சொன்னவள், என் பக்கம் திரும்பினாள்.

"போய் மீதிச் சவரத்தை முடிச்சுட்டு, அப்படியே தேக்கா சந்தை மீன்காரர்கிட்ட சொல்லி வெச்சுட்டு வாங்க."